மாமியார் பேசும்போது மட்டும் வரும் நோய்

தலையில் எண்ணெய் இருக்கிறதா என்று கேட்டுக் கேட்டே என் உத்தியோகம் முடிந்துபோனது. மலையகத்து ஆஸ்பத்திரி ஒன்றில், மூளைக்குள் ஓடும் மின்சாரத்தைப் பதிவு செய்யும் அறையில் இருந்தேன். இ.இ.ஜி. என்பது அதன் பெயர். தோட்டத்து ஆட்களுக்கு நான் 'வயர் வைக்கிற சேர்'. தலையில் வயர் ஒட்ட வேண்டுமானால் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகிறோமே, டொக்டர் முன்னால் பரட்டைத் தலையோடு நிற்கலாமா என்று எங்கள் சனம் அன்றைக்குத்தான் இரண்டு கை கூடுதலாகத் தேய்த்துக்கொண்டு வரும். எத்தனையோ தலைகளுக்கு நானே ஷாம்பு போட்டுக் கழுவிவிட்டிருக்கிறேன். அந்தக் கதையெல்லாம் என் மனைவிக்குப் பிடிக்காது. வீட்டில் ஒருநாளாவது யார் தலையையாவது கழுவிவிட்டீர்களா என்பாள்.

இப்போது இதை எழுதக் காரணம், என் இடத்துக்கு வந்திருக்கும் தர்ஷினி என்ற பிள்ளை. கெட்டிக்காரி, வாயும் கொஞ்சம் நீளம். போன மாதம் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அங்கிள், புது மெசின் வந்திருக்கு. தலையில தொப்பி மாதிரி மாட்டிவிட்டாப் போதும். எங்க கோளாறுன்னு கம்பியூட்டரே சிவப்புல காட்டிருது. நீங்கள்லாம் இவ்வளவு காலமா அந்த ரூமுக்குள்ள என்னதான் செஞ்சீங்க?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வைத்துவிட்டேன். பிறகு யோசித்தால், நியாயமான கேள்விதான். என்னதான் செய்தேன்? கம்பியூட்டருக்குக் கோடுகள் தெரியும். ராசம்மாவைத் தெரியாது. நான் ராசம்மாவைச் சமாளித்தவன். அதைச் சொல்கிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கொழும்பில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தலையை அளக்கக் கற்றுக்கொடுத்தார்கள். மூக்குத் தண்டின் மேலிருந்து பின்மண்டைப் புடைப்புவரை நாடா பிடிப்பது, ஒரு காதிலிருந்து மறு காதுக்குப் பிடிப்பது, சிவப்புப் பென்சிலால் புள்ளி வைப்பது, நறநறவென்ற பசையால் அந்த இடத்தைத் தேய்ப்பது, வயரை ஒட்டுவது. நாங்கள் ஒருவர் தலையில் ஒருவர் பழகினோம். ஊருக்கு வந்தபோது என் தலை முழுக்கச் சிவப்புப் புள்ளி. வெட்டப்போகிற மரத்துக்குக் கங்காணி குறி போட்டதுபோல இருக்கிறதே என்று அப்பா கேட்டார். அவ்வளவுதான் படிப்பு.

உண்மையான படிப்பு டொக்டர் நிலந்தி வந்த பிறகுதான் ஆரம்பித்தது. நரம்பியல் வைத்தியர், கண்டிப் பக்கத்துச் சிங்களப் பெண்மணி, என்னைவிட வயதில் மிகவும் இளையவர். சிறு வயதில் மூளைக் காய்ச்சல் வந்து பிழைத்தவர்களுக்குப் பிற்காலத்தில் வலிப்பு வருகிறதா, வந்தால் எந்த ரூபத்தில் வருகிறது என்று ஓர் ஆராய்ச்சி தொடங்கியிருந்தார். காய்ச்சல் மூளையில் அழற்சியை உண்டாக்கிவிட்டுப் போய்விடும். அது விட்டுச்சென்ற தழும்பு பல வருடம் சும்மா கிடந்து பிறகு வேலையைக் காட்டும். தோட்டங்களில் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், ஆனால் யாரும் வருவதில்லை, போய்த் தேடு என்று என்னையும் ஒரு தாதியையும் அனுப்பினார்.

டொக்டரின் சுபாவம் தனி. தேயிலை நாட்டில் இருந்துகொண்டு வெறும் சுடுதண்ணீர் குடிப்பார். எங்கள் சிற்றூழியர்களுக்கு அது பெரிய அவமானம். கோபம் வந்தால் குரல் இன்னும் தாழும். தமிழைப் புத்தகத்தில் படித்தவர், அதனால் செய்தி வாசிப்பவர்போலப் பேசுவார். "அம்மா, தாங்கள் இங்கே அமருங்கள்" என்றால் அந்த அம்மா, தனக்குப் பின்னால் யாரோ பெரிய மனுசி நிற்கிறாளென்று திரும்பிப் பார்ப்பாள். என்னிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் எழுது, நீ நினைத்ததை எழுதாதே. ஒருமுறை ஒரு நோயாளியைப் பற்றி 'சோம்பலாக இருந்தார்' என்று எழுதிவிட்டேன். "மிஸ்டர் செல்வராஜ், சோம்பல் எங்கே இருந்தது? கையிலா, காலிலா?" என்று கேட்டார். அடித்துவிட்டு, 'கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தாமதித்தார்' என்று எழுதினேன். அந்த வயதில் எனக்கு வாத்தியாராக வந்தார், என்ன செய்வது.

ராகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில்தான் வசந்தியைக் கண்டோம். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். கொழுந்து பறிக்கிற பெண். அவளுக்கு வலிப்பு என்று யாரும் சொல்லவில்லை. மூளைக் காய்ச்சல் வந்தவர்கள் உண்டா என்று தொழிலாளர் வரிசை வீடான லயத்து வாசலில் நின்று கேட்டபோது, அவளே முன்வந்து, சின்ன வயதில் நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்ததாகச் சொன்னாள். அதற்குப் பிறகு கீழே விழுந்து இழுத்ததுண்டா என்று கேட்டேன். இல்லை என்றாள். அதற்குள் வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்.

"இழுப்பெல்லாம் இல்லீங்க. திமிருதான் இருக்கு. அதுக்கு ஏதாச்சும் மருந்து இருந்தாக் குடுத்துட்டுப் போங்க."

அதுதான் ராசம்மா. வசந்தியின் மாமியார். வெளியே வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு விளக்கினார். மருமகளிடம் ஏதாவது சொன்னால் சில நேரம் பதிலே வராதாம். முகத்தைப் பார்ப்பாளாம், ஆனால் பேசமாட்டாளாம். வாயில் எதையோ மெல்லுவாளாம், சேலை ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே நிற்பாளாம். கொஞ்சம் கழித்து, என்ன அத்தை சொன்னீங்க என்பாளாம்.

"நான் பேசுறப்ப மட்டும் அவளுக்குக் காது கேக்காதுங்க. என்னய அசிங்கப்படுத்துறதுக்குன்னே செய்றா."

"அத்தை எந்நேரமும் பேசிக்கிட்டே இருக்கிறதுனால, எப்ப வந்தாலும் அவங்க பேசுற நேரமாத்தான் இருக்கு" என்றாள் வசந்தி, மெதுவாக.

தாதி என்னைப் பார்த்தார். நான் தாதியைப் பார்த்தேன். தேயிலை மலையில் வேலையின்போது என்ன நடக்கும் என்று கேட்டேன். அங்கேயும் அப்படித்தான். கை பறித்துக்கொண்டே இருக்குமாம், ஆனால் கொழுந்தோடு முத்தின இலையும் காம்பும் சேர்ந்து கூடைக்குள் போகுமாம். கங்காணி கூடையைக் கவிழ்த்துப் பார்த்து ஏசுவாராம். பள்ளிக்கூடத்தில் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நின்றதற்கு வாத்தியாரிடம் பிரம்படி. அப்போதிருந்தே அவளுக்குத் திமிர்பிடித்தவள் என்றுதான் பெயர். இடது புறங்கையில் ஒரு பெரிய தீத்தழும்பு. சோறு வடிக்கும்போது எப்படி ஊற்றியது என்று அவளுக்கே தெரியவில்லை.

டொக்டரிடம் எல்லாவற்றையும் அப்படியே சொன்னேன். சுடுதண்ணீரைக் கீழே வைத்துவிட்டு, "அந்தப் பெண்ணை வரச் சொல்லுங்கள். தூக்கம் விழித்துப் பதிவெடுப்போம்" என்றார்.

அந்த முறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சில மூளைகள் சாதாரண நேரத்தில் ஒன்றையும் காட்டிக்கொடுக்காது. இரவு முழுக்க விழித்திருந்துவிட்டு, காலையில் வயர்களோடு படுத்துத் தூங்கினால், அந்தத் தூக்க மயக்கத்தில் கோளாறு வெளியே வரும். ஆகவே வசந்தியின் புருசன் சிவகுமாரிடம் தெளிவாகச் சொன்னேன். அவன் தொழிற்சாலையில் வேலை செய்கிற சாதுவான பையன். அம்மா சொல்வதும் சரி, மனைவி சொல்வதும் சரி என்று வாழ்க்கையை ஓட்டிக்கொண்டிருந்தவன். ராத்திரி அவளைத் தூங்கவிடக் கூடாது, தலையில் எண்ணெய் கூடாது, தேத்தண்ணி கூடாது என்றேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

பரிசோதனை நாள் காலையில் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. உள்ளேயிருந்து சனம் இறங்கி இறங்கி வருகிறது. இறங்கிய வேகத்தில் வராந்தாவில் சாய்ந்துவிட்டது. வாங்குப் பலகையில் ஒருவர் மேல் ஒருவர், சுவரோரம் வரிசையாக, ஒரு பெரியவர் வாயைப் பிளந்துகொண்டு தரையில். விபத்துப் பிரிவிலிருந்து ஒரு தாதி தள்ளுக்கட்டிலோடு ஓடிவந்துவிட்டார். இதில் யார் நோயாளி என்று கேட்டார். அத்தனை பேருக்கும் நடுவில் கண்ணைப் பளிச்சென்று விழித்துக்கொண்டு, தெம்பாக உட்கார்ந்திருந்த ஒரே ஆள் வசந்திதான்.

நடந்தது இதுதான். எங்கள் பக்கத்து லயங்களில் ஒரு வீட்டில் விழித்திருந்தால் அது ஒரு வீட்டு விசயம் இல்லை. சுவர் ஒன்று, கூரை ஒன்று. ஒரு வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சலென்றாலும் அத்தனை வாசலிலும் விளக்கு எரியும். வசந்தி தூங்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம் என்று கேள்விப்பட்டதும், பிள்ளையைத் தனியாக விடுவதா என்று மொத்த லயமும் விழித்திருக்க முடிவு செய்துவிட்டது. ஒலிபெருக்கி கட்டினார்களாம். கேரம்போர்ட், படம், பாட்டுப் போட்டி. கோயில் திருவிழாவுக்குக்கூட இவ்வளவு ஒற்றுமை கிடையாது என்று சிவகுமார் பெருமையாகச் சொன்னான்.

"தேத்தண்ணி குடுக்கலைதானே?" என்றேன்.

"ஐயோ, ஒரு சொட்டுக்கூட குடுக்கல சேர். நீங்க சொன்னீங்களே." பிறகு சேர்த்துக்கொண்டான். "கோப்பிதான் போட்டுக் குடுத்துக்கிட்டே இருந்தோம்."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. வசந்தியின் தலையைக் கழுவி, அளந்து, வயரெல்லாம் ஒட்டி, விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கம்மா என்றேன். எங்கே தூங்குவது? கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். மூச்சை நன்றாக இழுத்து ஊதச் சொல்வது இன்னொரு முறை. அதற்கும் மசியவில்லை. விறகடுப்பு ஊதிப் பழகிய நெஞ்சு, நான் போதும் என்று சொன்ன பிறகும் ஊதிக்கொண்டிருந்தாள். பதிவில் கோடுகள் ஒழுங்காக, அழகாக ஓடின. வெளியே வராந்தாவில் குறட்டை.

அதற்குள் டொக்டருக்கு ஒரு தொலைபேசி. தோட்டத்தை நிர்வகிக்கும் துரை. காலையில் பெரட்டுக் களத்தில் வேலை பிரித்துக் கொடுக்க ஆள் வரவில்லையாம். வந்த நாலைந்து பேரும் மலையில் தேயிலைச் செடிக்குக் கீழே படுத்துவிட்டார்களாம். என் ஆட்களுக்கு என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். டொக்டர் தாழ்ந்த குரலில், "மன்னிக்கவும், எங்கள் ஆராய்ச்சியில் உங்கள் தோட்டத்திலிருந்து ஒரே ஒருவரைத்தான் சேர்த்தோம். மற்றவர்கள் தாமாகச் சேர்ந்துகொண்டார்கள்" என்று சொல்லி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் வயர்களைக் கழுவப் போய்விட்டேன்.

பதிவில் கோளாறு ஒன்றும் தெரியவில்லை, ஆனால் அதை வைத்து நோய் இல்லை என்று சொல்ல முடியாது என்று டொக்டர் ராசம்மாவுக்குப் பொறுமையாக விளக்கினார். ராசம்மா முதல் பாதியைக் கேட்டதோடு சரி.

"மெசினே சொல்லிருச்சு. நான் சொன்னா மாமியாக்காரி சொல்றான்னுவீங்க. டேய் சிவகுமாரு, வீட்டுக்குப் போனதும் இவ பெட்டியக் கட்டு. வலப்பனையில அவ அம்மாகாரி இருக்கா, போய் அங்க ஊமையாட்டம் நிக்கட்டும். நோயின்னா நான் பாப்பேன். திமிர வச்சுப் பாக்குறதுக்கு எனக்கு என்ன தலையெழுத்தா?"

சிவகுமார் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் வசந்தியின் தலையில் ஒட்டியிருந்த பசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, எனக்கு நோய் இருக்குன்னு எப்படியாச்சும் கண்டுபுடிச்சுக் குடுத்துருங்கண்ணே."

அத்தனை வருட உத்தியோகத்தில், நோய் இல்லை என்று எழுதிக் கொடுங்கள் என்று கெஞ்சியவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். கலியாணத்துக்கு, வேலைக்கு, வெளிநாட்டுக்கு. நோய் இருக்க வேண்டும் என்று கேட்டவள் இவள் ஒருத்திதான். பள்ளிக்கூட நாளிலிருந்து வாங்கிய அடிக்கும் ஏச்சுக்கும் ஒரு பெயர் வேண்டும் என்று கேட்கிறாள். டொக்டரிடம் போய், இந்தப் பெண்ணை இப்படியே அனுப்பினால் வீடு போய்விடும் என்றேன். அதை நான் எங்கும் எழுதவில்லை, வாயால்தான் சொன்னேன்.

டொக்டர் ராசம்மாவை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"அம்மா, அடுத்த வாரம் இன்னொரு முறை பார்ப்போம். அதுவரை பெட்டி கட்ட வேண்டாம். இம்முறை லயத்தார் யாரும் வேண்டாம், கோப்பியும் வேண்டாம். தாங்கள் ஒருவரே இரவு முழுவதும் அவளோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும். அவளும் உறங்கக் கூடாது, தாங்களும் உறங்கக் கூடாது. முடியுமா?"

ராசம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். பேச்சை நிறுத்து என்றுதான் அவரிடம் இதுவரை எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். பேசு என்று ஒரு டொக்டரே சொல்வது அவருக்குப் புதிது.

"அது என் பொறுப்புங்க" என்றார்.

அடுத்த வாரம் இருவரும் பஸ்ஸில் வந்தார்கள். ராசம்மாவின் குரல் கட்டிப்போயிருந்தது, ஆனாலும் பேச்சு நிற்கவில்லை. தன் கலியாணத்திலிருந்து தொடங்கி, பக்கத்து வீட்டு ஆடு வரைக்கும் வந்திருப்பதாக வசந்தி சொன்னாள். அவள் கண் சொருகிக்கொண்டிருந்தது. வயர் ஒட்டும்போதே தலை என் கையில் சாய்ந்தது. இந்த முறை கட்டிலின் கால்மாட்டில் குரலும் படமும் சேர்ந்து பதிவாகும் கமெரா ஒன்றையும் டொக்டர் பொருத்தச் சொல்லியிருந்தார். சற்று நேரம் தூங்கினாள். கோடுகளில் வலது பக்கத்தில், காதுக்கு மேலே, அங்கங்கே ஒரு கூர்மை எட்டிப் பார்த்தது. பிறகு அவளை எழுப்பினோம்.

ராசம்மா விட்ட இடத்தில் தொடங்கினார். ஆட்டு விசயம். நான் சைகை காட்டினேன், கொஞ்சம் பேசாம இருங்கம்மா என்று. பின்னால் நின்ற டொக்டர் என் தோளைத் தட்டி, பேச விடுங்கள் என்றார்.

"... நான் கேட்டேன், ஏன்டி ஒன் ஆடு வந்து எங்க கீரைய மேஞ்சா நான் பாத்துக்கிட்டு நிக்கணுமான்னு. அதுக்கு அவ சொல்றா... இந்தா, பாத்தீங்களா? பாத்தீங்களா டொக்டர்? இதேதான். இப்படித்தான் பாப்பா."

வசந்தி மாமியாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வை இருந்தது, ஆள் இல்லை. வாய் எதையோ மென்றது. வலது கை போர்வையின் ஓரத்தைப் பிடித்துத் தேய்த்தது. நான் திரையைப் பார்த்தேன். வலது பக்கத்துக் கோடுகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து, ஒரே தாளத்தில், பெரிது பெரிதாக எழும்பி ஓடின. டொக்டர் குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, கேள்வி கேளுங்கள். பதில் வருகிறதா என்று பார்ப்போம்."

"ஏய் வசந்தி. ஒன்னயத்தான். ஒன் பேரச் சொல்லு."

பதில் இல்லை.

"ஒம்புருசன் பேரச் சொல்லு. சரி வேணாம். நான் யாரு, அதச் சொல்லு." ராசம்மா கட்டிலுக்கு இன்னும் பக்கத்தில் வந்து குனிந்தார். "நடிக்கிறியா? இரு, ஒன்னயப் பேச வைக்க எனக்குத் தெரியும். இந்தா பாரு, டொக்டர் முன்னாடி சொல்றேன். நாளைக்கே ஒனக்குத் தனி அடுப்புப் போட்டுத் தர்றேன். நீயும் ஒம்புருசனும் தனியா ஆக்கித் தின்னுங்க. நான் தலையிட மாட்டேன். சரின்னு ஒரு வார்த்த சொல்லு, போதும்."

வசந்தியின் வாய் மென்றுகொண்டே இருந்தது. கை தேய்த்துக்கொண்டே இருந்தது.

ராசம்மா அப்படியே நின்றுவிட்டார். திரும்பி என்னைப் பார்த்தார். அந்த முகத்தை அதுவரை நான் பார்த்ததில்லை.

"சேர், கலியாணமாகி வந்ததுல இருந்து இவ கேக்குறது இந்தத் தனி அடுப்பு ஒண்ணத்தான். மூணு தரம் சண்டை போட்டா. தரமாட்டேன்னுட்டேன். இதுக்குமா பேசல?" குரல் உடைந்தது. "நெசமாவே இவளுக்குக் கேக்கலயா? அப்ப நான் இத்தன நாளும் யார ஏசிக்கிட்டு இருந்தேன்?"

வயர்களையும் பார்க்காமல் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். நான் தடுக்க எழுந்தேன். டொக்டர் வேண்டாம் என்று தலையசைத்தார். திரையில் கோடுகள் மெல்லத் தணிந்தன. வசந்தி கண்ணைச் சிமிட்டினாள். சுற்றிப் பார்த்தாள். தன் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிற மாமியாரைக் கண்டு பயந்துபோனாள்.

"அத்தை, என்னமோ கேட்டீங்களா?"

ராசம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். என்னைப் பார்த்தார், டொக்டரைப் பார்த்தார்.

"ஒண்ணும் கேக்கல. தலையில மருந்து ஒட்டியிருக்கு, ஆட்டாமப் படு" என்றார்.

நான் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சிரிப்பை அடக்க எனக்கு வேறு இடம் இல்லை.

பிறகு வசந்தியைக் கண்டிக்கு அனுப்பி ஸ்கேன் எடுத்தோம். வலது நெற்றிப்பொட்டுக்கு உள்ளே, சின்ன வயதுக் காய்ச்சல் விட்டுப்போன தழும்பு இருந்தது. குடும்பத்தைக் கூப்பிட்டு டொக்டர் விளக்கினார். சிவகுமாருக்குப் புரியவில்லை, விழாமல் இழுக்காமல் எப்படி வலிப்பு என்று கேட்டான். வலிப்பில் இப்படியும் ஒரு வகை உண்டு, கண்ணால் பாருங்கள் என்று கமெராப் பதிவைப் போட்டார். வழக்கமாகச் செய்வதுதான். எனக்கு மட்டும் அதில் என்ன வரப்போகிறது என்பது ஞாபகம் இருந்தது. ராசம்மாவுக்கும் ஞாபகம் வந்துவிட்டது.

"ஏங்க, அதப் போட்டுக் கரண்ட்ட வீணாக்கணுமா? வாயாலயே சொல்லிருங்களேன்" என்றார்.

ஆடு வந்தது. கீரை வந்தது. வசந்தி முதன்முறையாகத் தன்னை அப்படிப் பார்த்தாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அடுத்து ராசம்மாவின் கட்டைக் குரல், தனி அடுப்பு. வசந்தியின் கை மெல்லக் கீழே இறங்கியது.

"அத்தை, நெசமாவா?"

"அது ஒங்கிட்ட சொல்லலடி. நோய்கிட்ட சொன்னேன்."

டொக்டர் பதிவை நிறுத்தினார். முகத்தில் சிரிப்பே இல்லை. "அம்மா, நோய்க்கு அடுப்பு எதற்கு? மிஸ்டர் செல்வராஜ் கேட்டதைக் கேட்டபடி எழுதியிருக்கிறார். ஆராய்ச்சியில் சேர்ந்துவிட்டது. இனி மாற்ற முடியாது" என்றார். ஆராய்ச்சிக்கும் அடுப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது எனக்குத் தெரியும், டொக்டருக்கும் தெரியும். ராசம்மாவுக்குத் தெரியாது. சிவகுமார் தன் வாழ்க்கையில் முதன்முறையாக, "சொன்னது சொன்னதுதான்மா" என்றான். சொல்லிவிட்டுத் தன் வாயை நம்ப முடியாமல் நின்றான்.

அடுப்புப் போட்டார்கள். ஆனால் மாத்திரை எழுதிக் கொடுத்தபோது டொக்டர் ஒரு எச்சரிக்கையும் கொடுத்திருந்தார். நோய் அடங்கும்வரை வசந்தி தனியாக நெருப்புப் பக்கம் நிற்கக் கூடாது, கூட ஒருவர் இருக்க வேண்டும், அடிக்கடி பேச்சுக் கொடுத்துப் பார்க்க வேண்டும். சிவகுமார் தொழிற்சாலையில். வேறு யார் இருக்கிறார்கள்? ராசம்மா ஒரு பலகையை எடுத்துக்கொண்டு போய் மருமகளின் தனி அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். இந்த முறை டொக்டர் உத்தரவோடு பேசினார். மாத்திரை வேளை தவறினால் லயமே அதிரும். மலையில் கங்காணியிடம் போய், பிள்ளை கூடையில் முத்தின இலை இருந்தால் ஏசாதே, என்னைக் கூப்பிடு என்று சண்டை போட்டுவிட்டு வந்தாராம். நோய் என்றால் பார்ப்பேன் என்று சொன்னவர், உண்மையில் பார்த்தார். அதை நான் ஒத்துக்கொள்ள வேண்டும்.

மாத்திரை வேலை செய்தது. மாதாந்த கிளினிக்குக்கு வரும்போதெல்லாம் ஒன்றும் வரவில்லை சேர், ஒன்றும் வரவில்லை சேர் என்று ராசம்மாதான் முந்திக்கொண்டு சொல்வார். டொக்டர் தம் ஆராய்ச்சியை எங்கோ ஒரு மாநாட்டில் வாசித்தார். அதில் வசந்தி பெயரில்லாத ஒரு புள்ளி. நான் அந்தப் புள்ளியைத் தேடிப் பார்த்துக்கொண்டேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் ஒரு நாள். ராகலையிலிருந்து ஒரு ஆட்டோ பறந்து வந்து நின்றது. ராசம்மா வசந்தியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடிவந்தார். கலைந்த தலை, காலில் ஒரு செருப்புத்தான் இருந்தது.

"சேர், மறுபடியும் வந்துருச்சு. காலையில இருந்து ஒரு வார்த்த பேசல. பேரக் கேட்டேன், புருசன் பேரக் கேட்டேன், எதுக்கும் பதில் இல்ல. இவ்வளவு நேரம் வந்ததே இல்ல. பிள்ளைய விட்டுருவேனோன்னு பயமா இருக்கு சேர்."

ராசம்மாவை வெளியே உட்காரவைத்துவிட்டு, வசந்தியைப் படுக்க வைத்து அவசரமாக வயர் ஒட்டினேன். கோடுகள் ஒழுங்காக, அழகாக ஓடின. கண்ணை மூடு என்றேன், மூடினாள். திற என்றேன், திறந்தாள். வாய் மெல்லவில்லை, இறுக மூடியிருந்தது. குனிந்து, என்னம்மா வசந்தி என்றேன். கதவைப் பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தாள்.

"அண்ணே, வியாதி ஒண்ணும் இல்லண்ணே. என் அடுப்புல, நான் வச்ச மீன் கொழம்புல, என்னயக் கேக்காமப் புளியக் கரைச்சு ஊத்திட்டாங்க. அதான் பேசல. ஆட்டோவுல ஏத்துவாங்கன்னு நான் நெனைக்கல. டொக்டர்கிட்ட நீங்களே சொல்லிருங்க, எனக்கு வெக்கமா இருக்கு."

டொக்டரிடம் சொன்னேன். அவர் பதிவை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். பிறகு இருவரும் வராந்தாவுக்கு வந்தோம். ராசம்மா வாங்கின் நுனியில், இரண்டு கையையும் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"நோய் இல்லை அம்மா. பதிவு நன்றாக இருக்கிறது" என்றார் டொக்டர்.

"அப்ப ஏன் பேசல?"

டொக்டருக்கு அந்த இடத்தில் தமிழ் வரவில்லை. என்னைப் பார்த்தார்.

"திமிருதாங்கம்மா" என்றேன்.

ராசம்மா என்னை உற்றுப் பார்த்தார். அப்படியே வாங்கில் சாய்ந்து உட்கார்ந்தார். நெஞ்சில் கையை வைத்து மூச்சை விட்டார். சிரித்தார், கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை.

"திமிருதானா? அப்பாடா. இருந்துட்டுப் போகட்டும் சேர். நூறு வருசம் இருந்துட்டுப் போகட்டும்."